இரவல் குடும்பம்

"இது எங்க வூட்டு ஆளுங்க! உங்க லேப்டாப்புக்குள்ள எப்படி வந்தாங்க?"

பெண் பார்க்க வந்திருந்த அருண்ராஜ், கையிலிருந்த பஜ்ஜியை மறந்துவிட்டுத் திரையையே வெறித்தான். "பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க" என்று பெரியவர்கள் அவனை உள்ளே அனுப்பி வைத்திருந்தார்கள்.

அபிநயாவுக்குக் கோபம் வரவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணினி விளையாட்டைப் பற்றி யார் கேட்டாலும் அவளுக்கு உற்சாகம் பொங்கிவிடும்.

"பொதுவுல கிடந்ததைத்தாங்க எடுத்தேன். இதுல நாமளே மனுஷங்களை உருவாக்கி, வூடு கட்டிக் குடுத்து, வாழ வைக்கலாம் இல்லையா? 'பகிர்'னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துனா அந்தக் குடும்பம் பொது நூலகத்துக்குப் போய்டும். யாரு வேணும்னாலும் ஒரு நகலை இரவல் வாங்கி வளர்க்கலாம். வளர்த்ததைத் திரும்ப அங்கயே வைக்கலாம். நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் வெச்சுட்டு வர்றேன்."

"நான் எதையும் பகிரலைங்க. கை தவறிப் பட்டிருக்கும். அதைத் தொட்டே எவ்வளவோ நாளாச்சு. ஆனா இது எங்கம்மாதான். கன்னத்து மச்சம்கூட நான் வெச்சது."

அபிநயா கதவு வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவன் அம்மா ரஞ்சிதம் காபி குடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அதே மச்சம்.

"அய்யோ, ஆமாங்க! ஆனா இவங்க என்கிட்ட வந்தப்போ 'நான்', 'அம்மா', 'வரப்போறவ'ன்னுதான் போட்டிருந்துச்சு. அதெல்லாம் ஒரு பேரா? நாந்தான் பேர் வெச்சேன். இவங்க பாஞ்சாலை. அந்தப் பொண்ணு மங்கம்மாள். இவரு ரங்கசாமி."

"நான் ரங்கசாமியா?"

"உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. "எங்கம்மா ஏன் தனி வூட்டுல இருக்காங்க?"

"இந்தப் பட்டைங்களைப் பாருங்க. பசி, தூக்கம், சந்தோஷம், எல்லாத்துக்கும் ஒண்ணு. நிறைஞ்சிருந்தா பச்சை, வத்திப்போனா சிவப்பு. வந்தப்போ இவங்களுக்குச் சமையல் திறமை பத்துக்குப் பத்து. சந்தோஷம் மட்டும் செக்கச்செவேல்னு கிடந்துச்சு. டிவி வாங்கிப் போட்டேன், ஏறலை. கோயிலுக்குக் கூட்டினு போனேன், ஏறலை. எங்க கொண்டுபோய் வுட்டாலும் திரும்ப அடுப்பாண்டயே வந்து நிப்பாங்க. ஏன்னா, 'வூட்டை வுட்டு வெளிய போக மாட்டாங்க'ன்னு ஒரு குணத்தை நீங்க வெச்சிருந்தீங்க. அதைக் கழட்டுறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. அப்புறம் மலை மேல ஒரு வூடு, ஒரு தொலைநோக்கி வாங்கிக் குடுத்தேன். அன்னிக்குத்தாங்க பச்சைக்கு வந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே, மரங்களுக்கு மேல் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. அதைப் பார்த்தே வளர்ந்த காவலூர்ப் பெண்ணுக்குத் தொலைநோக்கி தோன்றியதில் வியப்பில்லை.

"அப்போ சோறு யாரு ஆக்குறது?"

"நீங்கதான். மூணு தடவை வூட்டைக் கொளுத்துனீங்க. இப்போ பரவால்லீங்க, ரசமெல்லாம் வைக்கிறீங்க."

"அந்த மங்கம்மாள்?"

"லாரி ஓட்டுறாங்க."

அருண்ராஜின் முகம் கறுத்தது. "எங்கம்மா இதைப் பார்த்தா நெஞ்சு ஒடைஞ்சு போய்டுவாங்க. வர்றதுக்கு முன்னாடியே என்னைத் தனியா தள்ளிட்டாளேன்னு அழுவாங்க. பழையபடி மாத்துங்க, இல்ல அழிச்சுடுங்க. அப்பத்தான் கல்யாணப் பேச்சு."

அபிநயா திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இந்த ஒரு மாதம் ஃபோனில் பேசியதில் அவனை அவளுக்குப் பிடித்துத்தான் போயிருந்தது. நேற்று இரவே புடவையை மாற்றி மாற்றி எடுத்து வைத்தவள் அவள்.

"மாத்த மாட்டேங்க. அழிக்கவும் மாட்டேன்."

குரல் உயர்ந்ததும் அவள் அப்பா முனிசாமி உள்ளே ஓடி வந்தார். பின்னாலேயே ரஞ்சிதமும் வந்து நின்றாள்.

"இன்னாம்மா சத்தம்?" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "பொம்மை வெளையாட்டுதானே, அழிச்சுத் தொலையேன்! ஒடுகத்தூர்ல இருந்து நம்மளைத் தேடி மலையேறி வந்திருக்காங்க."

"வெறும் பொம்மைன்னா இவருக்கு ஏன்பா இவ்ளோ கோவம்? உருவாக்குனது இவரு, இல்லைன்னு சொல்லலை. பேர் வெச்சது நான். சிரிக்க வெச்சது நான். இரவல் வாங்குனதுதான், ஆனா இப்போ என்னுது. என்னை வேணாம்னு சொல்லிட்டுப் போகட்டும். பாஞ்சாலையை மட்டும் திரும்ப அடுப்பாண்ட நிக்க வைக்க மாட்டேன்!"

ரஞ்சிதம் மெல்ல லேப்டாப்பின் அருகே வந்தாள். "நீ பாக்காதம்மா" என்று மூடப்போன மகனின் கையை விலக்கிவிட்டாள். திரையில் பாஞ்சாலை தொலைநோக்கியில் கண்ணை வைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அருணு, இவங்களைப் பொதுவுல வுட்டது நாந்தான்டா."

"அம்மா!"

"நீ வேலைக்குப் போன பொறவு ஒருநாள் உன் கம்ப்யூட்டரைத் தொறந்து பார்த்தேன். என் மச்சத்தோட ஒருத்தி அடுப்பாண்டயே நின்னுனு இருந்தா. அவளை எப்படி வெளிய கூட்டினு போறதுன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சவ எவளாச்சும் கூட்டினு போகட்டும்னு அந்தப் பொத்தானை அழுத்துனேன். இந்தப் பொண்ணு மாத்தி மாத்தி வைக்கும்போதெல்லாம் இவ பேரும் ஊரும் போட்டு அந்த நூலகத்துல காட்டும். ஒண்ணு வுடாம பார்த்துனே இருந்தேன்."

அவள் அபிநயாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு மகனிடம் திரும்பினாள்.

"வந்த ஜாதகத்தை எல்லாம் தள்ளிட்டு, காவலூர் அபிநயாதான் வேணும்னு தரகர்கிட்ட நான் எதுக்குடா ஒத்தைக்கால்ல நின்னேன்னு நினைச்சே?"