உள்ளூர்த் துணை

"சாப்பாடு, நீச்சல்குளம் எல்லாம் ரிசார்ட்டுக்குள்ளேயே இருக்கு. வெளியே என்னத்தைப் பார்க்கப் போறே?" என்றார் கணவர், சாய்வு நாற்காலியை விட்டு அசையாமல்.

"ஊர் ஜனங்களைப் பார்க்கணுங்க" என்று கிளம்பினாள் பல் டாக்டர்.

முன்பின் தெரியாத நாடு, பாஷையும் புரியாது. சந்தையில் ஒரு கைலி வாங்கிக் கட்டிக்கொண்டாள். உள்ளூர்க்காரி ஒருத்தியோடு ஒட்டிக்கொண்டால் பத்திரம் என்று தோன்றியது.

அதற்கென்றே வந்தவள் போல, கைலியும் ஓலைத்தொப்பியுமாக ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டர் சைகையில் கெஞ்ச, அவளும் தலையாட்டினாள்.

அவள் மீனை முகர்ந்தால் டாக்டரும் முகர்ந்தாள். சந்து பிரியும் இடங்களில் அவள் நின்று திரும்பிப் பார்ப்பாள். 'நீங்க முன்னாடி போங்க' என்பதுபோல் டாக்டர் மரியாதையாகக் கையை நீட்டுவாள். அவளும் அந்தப் பக்கமே நடப்பாள். என்ன பாந்தமான பெண்!

கடைசியில் சந்து ஒரு சுவரில் முட்டி நின்றது. அந்தப் பெண் போனை எடுத்தாள்.

"ஏங்க, ரிசார்ட்டுக்குத் திரும்ப வழி தெரியலை. ஆனா பயப்படாதீங்க, உள்ளூர்க்காரம்மா ஒருத்தங்க கூடவே வர்றாங்க. பாவம், வாயில்லாப்பூச்சி. அவங்க கைகாட்டுற பக்கமாத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்!"