கொரோனாவை வென்ற சென்னப்பன்

“நாலு நாளா போன் போடறேன், எடுக்க மாட்டேங்கற. காது கேக்கலியா, இல்ல கேக்காத மாதிரி இருக்கியா அண்ணா?”

பாலக்கோட்டில் அண்ணன் சென்னப்பன் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள் நிர்மலாதேவி. அவள் வீட்டுக்காரர் சந்திரமோகன் சேலத்தில் கொரோனா வார்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறார். நோய் வந்து குணமானவர் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றிப் பார்க்கலாம், அதே பி பாசிட்டிவ் ஆளாகக் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லி நாலு நாள் ஆகிறது.

ஆளுக்கு எங்கே போவது? கூடப்பிறந்தவனே இருக்கிறான். அதே பி பாசிட்டிவ். பதினாலு நாள் வார்டில் இருந்துவிட்டு வந்து ஒரு மாதமும் ஆகிவிட்டது. வந்த அன்றைக்கு மேளம் என்ன, ஆரத்தி என்ன, பஸ் ஸ்டாண்டில் ‘கொரோனாவை வென்ற எங்கள் அண்ணன்’ என்று ஆளுயரத்துக்கு பேனர் என்ன. அப்பேர்ப்பட்டவன் இப்போது தலையைச் சொறிகிறான்.

“எனக்கு சுகர் இருக்குது நிர்மலா.”

“எப்ப இருந்து? போன மாசம் வந்தப்ப ஜாங்கிரியா முழுங்குனியே.”

“தக்காளி வேற லோடு ஏத்தணும்...”

“அழுகினா அழுகட்டும். என் தாலி பெருசா, உன் தக்காளி பெருசா?”

சென்னப்பன் மறுபடியும் தலையைச் சொறிந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊசின்னா பயம், அதைச் சொல்லு. இஸ்கோல்ல அம்மை ஊசி போட வந்தப்ப கம்பங்காட்டுல போய் ஒளிஞ்சவன்தான நீ. உன் மாப்பிள்ளை செத்தாக்கூட ஊசிக்குக் கை நீட்ட மாட்டியா?”

“நேத்தே நீட்டிட்டு வந்துட்டேன்” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. “சேலத்துக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாத்தேன். அந்த நோயை எதிர்க்கற சத்து என் ரத்தத்துல துளிகூட இல்லியாம்.”

“அதெப்படி? வந்தவங்களுக்கு இருக்கும்னு டாக்டர் சொன்னாரே.”

“வந்திருந்தாத்தான இருக்கும்.”

“வராமயா பதினாலு நாள் போய்ப் படுத்திருந்த? யார்கிட்ட வெளையாடற?”

சென்னப்பனின் குரல் இறங்கிவிட்டது.

“மண்டியில எல்லாருக்கும் மூக்குல குச்சி வுட்டு டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கு அதைப் பாத்தாலே ஒதறல். ரேஷனோ பேங்க்கோ, எனக்குப் பதிலா லைன்ல நிக்கறது நம்ம தோட்டத்துல வேலை செய்யற மாதுதான? அன்னிக்கும் என் பேரையும் போன் நம்பரையும் சொல்லி அவனையே நிக்க வெச்சேன். பாசிட்டிவ்னு வந்து, ஆம்புலன்ஸு என்னைத் தேடி வந்துச்சு. உண்மையச் சொன்னா கேஸ் போட்டுருவாங்கன்னு பேசாம ஏறிட்டேன். வார்டுல இருந்தப்பவாவது ஒட்டியிருக்கும்னுதான் நேத்து போய்ப் பாத்தேன். மாதுகிட்டயும் எதுவும் சொல்லல.”

‘அப்ப மாதுவைக் கூப்பிடு’ என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வார்டில் வேளாவேளைக்கு முட்டையும் சூப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பதினாலு நாளில்தான், வெறும் காய்ச்சல் என்று தக்காளிப் பெட்டி தூக்கிக்கொண்டே இருந்த மாதுவைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.