அரையடி பின்னால்

இன்றும் அந்த ஆள் வந்து நின்றான். பெரியம்மாவுக்குச் சரியாக அரையடி பின்னால்.

கைப்பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டாள். கழுத்துச் சங்கிலியை ஸ்வெட்டருக்குள் தள்ளினாள்.

நான்கு நாட்களாக இதே கூத்து. மூன்று மணிக்கு இவள் ரோட்டோரம் வந்தால் போதும், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவனும் எங்கிருந்தோ முளைத்துவிடுவான். இவள் ரோட்டில் இறங்கினால் அவனுடைய ஷூவும் கீச் கீச்சென்று பின்னாலேயே வரும். அந்தப் பக்கம் சேர்ந்ததும் ஆள் மாயம்.

தங்கையிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அசையக்கூடாது என்று டாக்டர் படுக்கவைத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சி. தெரிந்தால், மகளைப் பள்ளியிலிருந்து நானே கூட்டிவருகிறேன் என்று எழுந்துவிடுவாள். அவள் எழக்கூடாது என்றுதானே பெரியம்மா கடல் தாண்டி வந்திருக்கிறாள்.

"ரோட்டுல போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டுல கால வச்சா வண்டி தானா நிக்கும்க்கா" என்று சொல்லித்தான் தங்கை அனுப்பியிருந்தாள்.

நிற்கத்தான் நிற்கிறது. அதுதான் பெரியம்மாவுக்கு உதைத்தது. ஹாரன் இல்லை, திட்டு இல்லை, சும்மா ஒருத்தன் வண்டியை நிறுத்துவானா? இந்த ஊரில் காரையும் நம்பமுடியவில்லை, ஆளையும் நம்பமுடியவில்லை.

இன்று பார்த்துவிடுவது என்று, எதையோ மறந்தவள்போலத் திரும்பி நடந்து, பஸ் நிறுத்தத்தின் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் பின்தொடரவில்லை.

வெள்ளைக் கோட்டருகிலேயே நின்றான். ஒரு கார் நின்றது. கையை ஆட்டி அதைப் போகச் சொன்னான். இன்னொன்று நின்றது. அதையும் அனுப்பினான். ஒரு காலை இறக்கி, சுட்டதுபோல் ஏற்றிக்கொண்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முழித்தான்.

திருடன் இப்படி முழிக்கமாட்டான்.

பள்ளிக்கும் நேரமாகிவிட்டது. பெரியம்மா வந்து பழைய இடத்தில் நின்றாள்.

அவன் முகத்தில் உயிர் வந்தது. ரோட்டில் இறங்கும்போதெல்லாம் இவள் சாமியைக் கூப்பிட்டு முனகியது அவன் காதில் விழுந்திருக்கும்போல. தமிழிலேயே பேசினான்.

"நாலு நாளா உங்க பின்னாடி வந்துதான்க்கா நேரத்துக்கு வேலைக்குப் போறேன். நீங்கதான் பயமே இல்லாம கைய நீட்டிக்கிட்டு விறுவிறுன்னு போறீங்க."

பெரியம்மா கையை நீட்டினாள்.

வந்த நாளிலிருந்து செய்வதுபோல் கண்ணை இறுக மூடப்போனவள், இன்று மட்டும் திறந்து வைத்துக்கொண்டே ரோட்டில் இறங்கினாள்.