ஏழு தகப்பன் பெயர்

"வாடா சாபித், வா! உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. நான் சொன்னதுதானே நடந்துச்சு?"

கதவைத் திறக்கும்போதே ஒராஸ்பெக் சண்டைக்குத் தயாராக இருந்தார். சாபித் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கதவோரமாக உட்கார்ந்தார். ஒராஸ்பெக் வழக்கம்போலக் கதவுக்கு எதிரே, மதிப்புக்குரியவர்கள் உட்காரும் தலைமை இடத்தில் சாய்ந்து கொண்டார். அவருடைய மனைவி கூல்ஷாத் பால் கலந்த தேநீரை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டாள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே குடும்பப் பெயர், அலிம்பெத்தோவ். இருவருடைய தாத்தாக்களும் அலிம்பெத் பெற்ற அண்ணன் தம்பிகள். ஏழு தலைமுறைக்குள் ரத்தம் ஒன்றாக இருந்தால் கசாக்குகள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அதற்காகவே ஒவ்வொருவரும் மேல்வழி ஏழு தகப்பன்மாரின் பெயரை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். சாபித்தின் மகன் எர்மெக்கும் ஒராஸ்பெக்கின் மகள் அக்போதாவும் அதையெல்லாம் பார்க்காமல் காதலித்துத் தொலைத்தார்கள்.

"தங்கச்சி முறை ஆகிற பொண்ணு பின்னாடி பையன் சுத்தறான். பெத்தவன் நீ தடுக்காம வேடிக்கை பார்க்கற. கரகந்தா ஊரே சிரிக்குது. ஏழு தகப்பன் பேரு தெரிஞ்சவன் செய்யற காரியமாடா இது?"

"கல்யாணம் பண்ணி வைங்க, ஒண்ணும் ஆகாதுன்னு அப்பவே சொன்னேனே அண்ணே."

"நீ சொல்லுவ! டி.என்.ஏ. டெஸ்ட்டுன்னதும் எப்படி நழுவின? கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகாத குறை. சரி, டெஸ்ட் முடிவைச் சொல்லு. ரெண்டு பேரும் ஒரே வேர்தானே?"

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்தது. அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்த அக்போதா அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இந்தக் கல்யாணம் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே இல்லை என்று அவள் முடிவாகச் சொல்லியிருந்தாள்.

"இல்லண்ணே" என்றார் சாபித். "நம்ம ரெண்டு பேருக்கும் ரத்த சம்பந்தமே இல்லையாம்."

ஒராஸ்பெக்கின் கையில் இருந்த தேநீர் முழங்காலில் கொட்டியது.

"உளறாத. அப்படின்னா நம்மள்ல ஒருத்தன் அலிம்பெத் வம்சமே இல்லன்னு ஆகுது."

"ஆமா. அது நான்தான்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"முப்பதுகள்ல வந்த பஞ்ச காலத்துல நடந்தது அண்ணே" என்று சாபித் மெல்லச் சொன்னார். "ஆடு மாடு எல்லாத்தையும் சர்க்கார்க்காரங்க ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. சனங்க நடந்து நடந்தே செத்துட்டிருந்தாங்க. ரயில் பாதை ஓரமா ஒருத்தி செத்துக் கிடந்தா. பக்கத்துல ஒரு கைக்குழந்தை, அவ சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு. யார் பெத்ததோ, எந்தக் குலமோ. உங்க தாத்தா அதைக் கோட்டுக்குள்ள போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. சொந்தப் பிள்ளைங்களுக்கே ரொட்டி இல்லாத நேரம். அவர் தம்பிக்கு, அதான் எங்க தாத்தாவுக்கு, பிள்ளை கிடையாது. 'இந்தா, உன் மகன்'னு அவர் மடியில வச்சாரு. கூடவே தன்னோட ஏழு தகப்பன் பேரையும் கொடுத்தாரு. அந்தக் குழந்தைதான் எங்கப்பா. அவருக்கே சாகிற வரைக்கும் தெரியாது."

ஒராஸ்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குலப்பெருமை பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாத மனிதர், சாபித்தின் பக்கம் குனிந்தார்.

"எங்க தாத்தாவா?" என்றார். "எனக்குக்கூடச் சொல்லலியேடா!"

"சொல்லிட்டா அந்தக் குழந்தை அநாதையாயிடும் இல்லையா? வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம். எனக்கே ஒரு பெரியவர் சாகும்போதுதான் சொன்னாரு."

"அடேயப்பா! எப்பேர்ப்பட்ட மனுஷங்கடா அவங்க!" ஒராஸ்பெக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்காக அவர் வெட்கப்படவில்லை. "ஆனா நம்ம குலத்துப் பெரியவங்க சும்மா விட மாட்டாங்களே. எப்படிக் கல்யாணம்னு கேப்பாங்க."

"நாளைக்கு அவங்க முன்னாடி நானே எழுந்து சொல்லிடறேன். ஒட்டிக்கிட்டு வந்தவன்னு நாலு பேர் சொல்லுவாங்க, சொல்லட்டும். பிள்ளைங்க நல்லா இருந்தாப் போதும்."

ஒராஸ்பெக் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கி, தலைமை இடத்தில் உட்கார வைத்தார்.

"யாருடா உன்னை ஒட்டிக்கிட்டு வந்தவன்னு சொல்றது? நாக்கை அறுத்துடுவேன்! இனிமே நீ தம்பி இல்ல, சம்பந்தி. கூல்ஷாத், கறி வேக வை! அக்போதா, ஒளிஞ்சு நின்னது போதும், அந்தப் பையனை வரச் சொல்லு!"

எர்மெக்கும் வந்து சேர, வீடே அமர்க்களப்பட்டது. அந்த இரைச்சலில் ஒராஸ்பெக்கின் போன் அடித்தது. பரிசோதனைக் கூடத்துப் பெண்.

"ஐயா, மாதிரி கொடுத்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நேரடியாச் சொல்றது எங்க வழக்கம். சாபித் ஐயாகிட்டக் காலையிலேயே சொல்லிட்டேன். அவரோட மாதிரி, எங்ககிட்ட ஏற்கெனவே மாதிரி கொடுத்திருக்கிற அலிம்பெத் வழிக்காரங்க எல்லாரோடயும் சரியாப் பொருந்துது. உங்களோடதுதான் அந்தக் குலத்துல யாரோடயும் சேரல. உங்ககிட்ட அதைத் தானே பக்குவமாச் சொல்றேன்னாரு. சொல்லிட்டாருங்களா?"

ஒராஸ்பெக் சுவரில் இருந்த தன் அப்பாவின் படத்தைப் பார்த்தார். பிறகு, எர்மெக்கின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்த சாபித்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டாரும்மா" என்றார். "எங்கப்பா கதையை ஒண்ணு விடாம சொல்லிட்டாரு."