பன்னிரண்டு மில்லிமீட்டர்

"கோட்டைத் தாண்டித் தோண்டினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

திறந்தவெளிச் சுரங்கத்தின் காலைக் கூட்டத்தில், அறுபது பேர் முன்னிலையில், சரிவுக் காப்பு அதிகாரி கேட்டார். எதிரே நின்ற பொக்லைன் ஓட்டுநர் அவருடைய மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. வீட்டில் அவர் அத்தான், இங்கே சார்.

"தாண்டல சார்."

"அப்புறம் வடக்குச் சுவர் எதுக்கு நகருது? பத்து நாள்ல பன்னிரண்டு மில்லிமீட்டர். சுவர்ல பதிச்ச பதினாலு கண்ணாடியும் அதையேதான் சொல்லுது. பொய் சொல்ல அதுக்கெல்லாம் வாய் கிடையாது."

குழியின் தெற்குக் கரையில், ஒரு தூணின்மேல் அவருடைய கருவி அமர்ந்திருந்தது. எதிரேயுள்ள வடக்குப் பாறைச்சுவரின் கண்ணாடிகள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று அது நாள்தோறும் அளக்கும். தொலைவு குறைந்தால், சுவர் குழிக்குள் சாய்கிறது என்று பொருள். சுவரின் அடிவாரத்தில் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் தோண்டினால் சுவர் பிடிப்பை இழக்கும். கோடோ வெடிவைத்துத் தகர்த்த கல்லின் அடியில் புதைந்துபோயிருந்தது; போய்ப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

"சொந்த மச்சான்யா. இப்பப் பாரு, மழுப்பிடுவாரு" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

அது அதிகாரியின் செவியில் விழுந்தது. அவருக்குள் நீதி நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் அருகிலேயே பெருமையும் தனக்கோர் ஆசனம் போட்டுக்கொண்டது.

"கடைசியா கேக்குறேன். சுவருக்குக் கீழே இருபது பேர் வேலை செய்றாங்க. சுவர் இறங்கினா அவங்க வீட்டு வாசல்ல போய் நீ நிப்பியா?"

ஓட்டுநர் சுவரைப் பார்த்தார். பிறகு அந்த அறுபது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தாண்டிட்டேன் சார். ரெண்டு மீட்டர் இருக்கும்."

எழுதி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிய இயந்திரத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, லாரிச் சக்கரம் கழுவும் இடத்துக்கு அவரை அனுப்பினார்கள். வடக்குச் சுவரின் கீழிருந்த இருபது பேரும் மறுபேச்சின்றி வெளியேறினார்கள்.

"ஆளு நெருப்புய்யா" என்றார் முணுமுணுத்தவர்.

அன்று வீட்டில் மனைவி தட்டை வைத்தாரே தவிர, முகம் கொடுக்கவில்லை.

"என் தம்பி அப்படிப் பண்ற ஆள் இல்ல."

"அவனே ஒத்துக்கிட்டான்."

"அதான் எனக்கு விளங்கல."

படுக்குமுன் அதிகாரி கைகூப்பி, உறவென்று பாராத உள்ளத்தைத் தந்தமைக்காக இறைவனுக்கு நன்றி சொன்னார். நன்றாகத் தூங்கவும் செய்தார்.

நான்காம் நாள், அளவைப் பிரிவுப் பெண் அவருடைய மேசைமுன் வந்து நின்றாள்.

"சார், மலை நகர்ந்திருக்கு."

"எந்த மலைம்மா?"

"குழிக்கு அந்தாண்ட இருக்கிற பாறை மலை. அசையாத இடம்னு நாம வெச்ச நிலைக்குறி அதுலதானே இருக்கு? இன்னிக்கு அதைச் சரிபார்த்தேன். சுவர் எவ்வளவு கிட்ட வந்துச்சோ, மலையும் அவ்வளவே கிட்ட வந்திருக்கு."

"விளையாடுறியா?"

"மலை வராது சார். நம்ம தூண்தான் போயிருக்கு."

வாரம் ஒருமுறை அந்த நிலைக்குறியைப் பார்த்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. மூன்று வாரமாக, "நேரமில்லை, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அதை ஒத்திப்போட்டவர் அவரே. அறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று, மண் கொட்டி நிரப்பிய மேட்டில் அந்தத் தூணுக்கு இடம் காட்டியவரும் அவரே. சுவர் அசையவில்லை. பதினான்கு கண்ணாடிகளும் அவர் காலடி நழுவுவதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். தாம் கேட்டது இன்னதென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கைகூப்பி நன்றி சொன்ன அந்த இரவு நினைவுக்கு வந்ததும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே அவருக்கு நாணமாக இருந்தது.

"நாளைக்குக் காலைக் கூட்டத்துல நானே சொல்றேன்மா. எல்லார் முன்னாடியும்."

சக்கரம் கழுவும் இடத்துக்கு நடந்தே போனார். முழங்கால் வரை சேறாக, குழாயும் கையுமாக நின்றார் மைத்துனர்.

"என்ன சார், இந்தப் பக்கம்? சேறு, பாத்து வாங்க."

"தூண்தான்டா நகர்ந்திருக்கு. தப்பு முழுக்க என்னுது."

"அப்படியா" என்றார் மைத்துனர். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை.

"நீ கோட்டைத் தாண்டவே இல்லை. அது உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்குடா தாண்டினேன்னு கையெழுத்துப் போட்ட?"

மைத்துனர் குழாயை மூடினார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இல்லை இல்லைன்னே நின்னிருந்தா, அறுபது பேரும் உங்க கருவியைச் சந்தேகப்பட்டிருப்பாங்க அத்தான், அப்புறம் ஒரு நாள் நெஜமாவே சுவர் இறங்குறப்ப, நீங்க கத்துற கத்தலுக்கு ஒருத்தனும் வெளிய வரமாட்டான்."