மதிலில் ஒரு மரண அறிவித்தல்

துறைமுக வீதி மதிலில் மகன் வினோதனின் புகைப்படத்தோடு ஒட்டியிருந்த மரண அறிவித்தலை அருளம்பலத்தார் இரண்டு தரம் வாசித்தார். அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

"இறங்குதுறைக்கு விடு தம்பி. கெதியா!"

அறிவித்தலைக் கண்ட ஓட்டோக்கார டினேஷ் பதறிப்போனான். "ஐயோ, உங்கட மகனே ஐயா?"

"ஓம். ரெண்டு வருசமா நான் அவனோட கதைக்கிறேல்லை. சித்திரம் கீறித் திரியிறவனுக்கு என்ர பேர் வேண்டாம் எண்டு துரத்திவிட்டனான்." அவர் அறிவித்தலை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

இறங்குதுறையில் ஒரே கூட்டம். நடுவே, இரத்தக்கறைச் சட்டையோடு வினோதன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கமெரா.

"ஐயா, இது சினிமா! கொலைகார ஓவியன் ஒருத்தன்ர கதையாம், அறிவித்தலும் படத்துக்கு ஒட்டினதாம். மகன் உயிரோட இருக்கிறார்!" என்று டினேஷ் துள்ளினான்.

"அது எனக்குத் தெரியும். இறங்குதுறையில படப்பிடிப்பு எண்டு காலமையும் தாய்க்குப் போனில சொன்னவன்."

அருளம்பலத்தார் நிமிர்ந்து நடந்துபோய் மகனின் முன்னால் அறிவித்தலை விரித்தார்.

"கந்தப்பரின் அன்பு மகன் எண்டு போட்டிருக்கு. ஆரடா இந்தக் கந்தப்பர்?"

"கதையில வாற தகப்பன். உங்கட பேரைப் போட வேண்டாம் எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்?"

"சொன்னனான்தான். அதுக்காக ஊர் மதிலில வேறொருத்தனைத் தகப்பனாக்குவியோ? மாத்தி அடிக்கச் சொல்லு. செத்தாலும் நீ அருளம்பலத்தின்ர மகன்தான்."