கம்பைலர்

மடிக்கணினித் திரையில் பச்சைக் கோடு முழுதாக நிறைந்தது. நிரல் எழுதிப் பழகத் தேவையான கம்பைலர் மென்பொருள் இறங்கிவிட்டது.

பிளஸ்ஸி இன்னும் காத்திருந்தாள். எங்காவது பணம் கேட்கும் என்று நினைத்தாள். கேட்கவில்லை.

உடன் படிக்கும் இந்துஜாவைப் போனில் அழைத்தாள்.

"ஏட்டி, அது எப்பவும் சும்மாதான் கெடைக்கும். வெலைக்கு வாங்கணும்னு ஒனக்கிட்ட எவன் சொன்னான்?"

சொன்னவர் கம்ப்யூட்டர் கடைக்காரர். கல்லூரிப் பாடத்துக்கு அதை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வேறு வழியில்லை என்றார். அவர் கேட்ட தொகை அவள் வீட்டில் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து சோறு உண்ணாமல் படுத்துக்கொண்டாள். படிப்பே வேண்டாம் என்று அழுதாள்.

அண்ணன் டெல்வின் சிரித்தான். "இதுக்கா கரையுத? ஒரு தடவ தங்குகடலுக்குப் போயி, கொஞ்ச நாளு கடல்லயே கெடந்து மீன் புடிச்சிட்டு வாறேன்."

டெல்வினுக்குச் சிறுவயதிலிருந்தே கடல் ஒத்துக்கொள்ளாது. படகு அசைந்தால் போதும், குடலைப் புரட்டிக்கொண்டு வரும். அதனால்தான் குளச்சலில் பைக் ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

படகுக்காரர் தந்த முன்பணத்தைத் தங்கையின் கையில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

கடைக்காரர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் படகு திரும்பிவிட்டது.

ராத்திரி வாந்தி எடுக்கப் படகின் விளிம்புக்குப் போனவனை விடிந்தபோது காணவில்லை என்றார்கள்.

அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று அம்மா ஜெயபாய் சொல்லிவிட்டாள். அவன் ஆசைப்பட்டதை வாங்கு என்று தினமும் நச்சரித்தாள். இன்றைக்குத்தான் பிளஸ்ஸிக்குத் தெம்பு வந்தது. கடைக்கு நடக்க மனமில்லாமல், இணையத்திலேயே வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

துக்கம் கேட்க வந்த பெரியம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள்.

"பாருங்க அக்கா, எனக்க மவன் தங்கச்சிக்குக் கடைசியா வாங்கிக் குடுத்தது. அவன் பைசாலதானே மக்ளே வாங்குன?"

"ஆமாம்மா."

அம்மா முந்தானையால் திரையைத் துடைக்கக் குனிந்தாள். 'இலவசம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் பிளஸ்ஸி மடிக்கணினியை மூடிவிட்டாள்.